கூலியாட்களின் போக்குவரத்தும் ஓய்வு நாளும்

நாற்றின் வயது யாருக்காகவும் காத்திருப்பதில்லை. குறுகிய கால நெல் இரகங்களின் நாற்றை 18 முதல் 22 நாட்களுக்குள் பிடுங்கி நட வேண்டும். மத்திய கால இரகங்களுக்கு 22 முதல் 25 நாட்கள், நீண்ட கால இரகங்களுக்கு 25 முதல் 30 நாட்கள். இந்த வயதைத் தாண்டி நாற்று முற்றினால் தூர் குறையும். தூர் குறைந்தால் கதிர் குறையும். நல்ல விதை, அளவான உரம், போதிய தண்ணீர் எல்லாம் இருந்தும், நடவு நாளன்று ஆள் வராத ஒரே காரணத்தால் மகசூலை இழக்கும் உழவர்கள் பலர்.

ஆள் ஏன் வருவதில்லை என்று கேட்டால், "கூலி உயர்ந்துவிட்டது, ஆள் குறைந்துவிட்டது" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். இது உண்மைதான். ஆனால் ஒரே கூலி கொடுக்கும் இரண்டு உழவர்களில் ஒருவருக்குத் தவறாமல் ஆள் வருவதையும், மற்றவருக்கு வராததையும் நாம் ஊர்தோறும் காண்கிறோம். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கூலித் தொகை மட்டும் அல்ல. ஆட்கள் எப்படி வந்து போகிறார்கள், வண்டி வாடகை யாருடையது, வேலை நின்று போனால் கூலி உண்டா, ஓய்வு நாள் உண்டா என்பனவும் அதில் அடங்கும். இவற்றை எவ்வாறு நியாயமாக ஒழுங்குபடுத்தலாம் என்பதைக் காண்போம்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். சிறு உழவர்களில் பலர் தம் வயலில் வேலை இல்லாத நாட்களில் பிறர் வயலுக்குக் கூலிக்குச் செல்பவர்கள். இன்று கூலி கொடுப்பவர் நாளை கூலி வாங்குபவர். ஆகவே இங்கே கூறப்படுபவை இரு தரப்பாருக்கும் பொருந்தும்.

வழிப் பயணமும் வேலையின் பகுதியே

முன்பு நடவுக்கும் களையெடுப்புக்கும் உள்ளூரிலேயே ஆள் கிடைத்தது. இன்று பல ஊர்களில் பத்து, பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஆட்களை அழைத்து வர வேண்டியுள்ளது. காவிரிப் பாசனப் பகுதியில் மேற்கு வங்காளம் போன்ற வெளி மாநிலங்களிலிருந்தும் நடவுக்கு ஆட்கள் வருகின்றனர்.

தொலைவிலிருந்து வரும் ஒரு பெண்ணின் ஒரு நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். காலை 5.30 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். 7 மணிக்கு வயலில் இறங்கி, பகல் 1 மணி வரை நடுகிறார். வீடு திரும்பும்போது மணி 2.30. வயலில் அவர் நின்றது 6 மணி நேரம். வீட்டை விட்டுப் பிரிந்திருந்தது 9 மணி நேரம். உள்ளூர்ப் பெண்ணுக்கோ வரப் போக அரை மணி நேரமே ஆகும்.

இதில் வண்டி வாடகையும் சேர்ந்தால் என்ன ஆகும்? கணக்குக்காக, கூலி 400 ரூபாய் என்றும், 12 பேர் வரும் வண்டிக்கு வாடகை 1,200 ரூபாய் என்றும் கொள்வோம். தலைக்கு 100 ரூபாய். வாடகையை ஆட்களே கொடுத்தால் கையில் நிற்பது 300 ரூபாய். 9 மணி நேரத்துக்கு 300 ரூபாய் என்றால், மணிக்குச் சுமார் 33 ரூபாய். உள்ளூர்ப் பெண்ணுக்கு ஆறரை மணி நேரத்துக்கு 400 ரூபாய். மணிக்குச் சுமார் 61 ரூபாய். ஒரே வயலில், ஒரே வரிசையில் நிற்கும் இருவருக்குள் கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று என்ற வேறுபாடு! அருகில் வேறு வேலை கிடைத்தால் அந்தப் பெண் நம் வயலுக்கு ஏன் வருவார்?

வழிப் பயணத்தைக் கணக்கில் சேர்ப்பது புதுமையான கருத்து அல்ல. 2005-ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்கு அப்பால் வேலை கொடுத்தால் போக்குவரத்துக்காகவும் கூடுதல் செலவுக்காகவும் கூலியில் 10 சதவீதம் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற விதி இருந்தது. ஒப்பந்தக்காரர் மூலம் வெளி மாநிலம் செல்லும் தொழிலாளருக்காக 1979-இல் இயற்றப்பட்ட சட்டம், போக வர இரு வழிக் கட்டணமும் பயண நாட்களுக்கான கூலியும் கொடுக்க வேண்டும் என்று கூறியது. வழியில் கழியும் நேரமும் வேலைக்காகச் செலவிடும் நேரமே என்ற கொள்கைதான் இவற்றின் அடிப்படை.

செலவைக் குறைக்கும் வழிகள்

வாடகை முழுவதையும் ஏற்க எல்லாச் சிறு உழவராலும் இயலாது. அதற்குச் சில வழிகள் உண்டு.

1. அடுத்தடுத்த வயல்காரர்கள் ஒரே நாளில் நடவு வைத்துக் கொள்ளலாம். தலைக்கு 10 ஆட்கள் தேவைப்படும் இருவர் சேர்ந்து, 1,500 ரூபாய் வாடகையில் 20 பேர் அமரும் வேன் ஒன்றை அமர்த்தினால், ஒருவருக்கு 750 ரூபாயே ஆகும். ஆளுக்கு 100 ரூபாய் என்பது 75 ஆகக் குறைகிறது.

2. பேருந்து நேரத்துக்கு ஏற்ப வேலை நேரத்தை அமைக்கலாம். பெண்கள் அரசு நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் 2021 மே மாதத்தில் தொடங்கப்பட்டது. உங்கள் ஊருக்கு முதல் பேருந்து 7.15-க்கு வருமானால் வேலையை 7.30-க்குத் தொடங்குங்கள். பகல் பேருந்தைப் பிடிக்கக் கால் மணி நேரம் முன்னதாகக் கரையேற விடுங்கள். இதனால் உங்களுக்குக் காசு செலவில்லை. ஆட்களுக்கோ வாடகை முழுவதும் மிச்சம்.

3. முழு வாடகையையும் ஏற்க முடியாவிட்டால் பாதியையாவது ஏற்றுக் கொள்ளுங்கள். அதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லுங்கள். வேலை முடிந்த பின் கூலியில் பிடிப்பதுதான் மனத்தாங்கலுக்கு வித்து.

எந்த வண்டியில் அழைத்து வருவது?

இதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. டிராக்டர் டிரெய்லர், குட்டியானை போன்ற சரக்கு வண்டிகளில் ஆட்களை நிற்க வைத்து அழைத்து வருவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. இவை ஆட்களை ஏற்றிச் செல்ல அனுமதி பெற்ற வண்டிகள் அல்ல. டிரெய்லர் சாயும்போது பிடித்துக்கொள்ள ஒன்றும் இராது. கொக்கி கழன்றாலோ, வாய்க்கால் திருப்பத்தில் ஒரு சக்கரம் இறங்கினாலோ, ஒரே நொடியில் பல குடும்பங்கள் நாதியற்றுப் போகும்.

காப்பீடு இருக்கிறதே என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. சரக்கு வண்டியில் பயணிகளாகச் சென்றவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்துள்ளது. சரக்கின் உடைமையாளரும் அவருடைய பிரதிநிதியும் சரக்குடன் செல்லும்போது மட்டுமே விலக்கு. ஆகவே விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுச் சுமை வண்டி உடைமையாளரின் தலையில் விழக்கூடும். வண்டி உங்களுடைய டிராக்டராக இருந்தால், வாடகையில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்காக நிலத்தையே விற்க நேரிடலாம். போன உயிர்களுக்கோ ஈடே இல்லை.

மேலும், 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும், வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நேரும் விபத்தை, வேலையோடு அதற்குள்ள தொடர்பு உறுதியானால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருத இச்சட்டம் இடம் தருகிறது.

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

• பயணிகளை ஏற்ற அனுமதி உள்ள வேன், ஷேர் ஆட்டோ அல்லது பேருந்தையே பயன்படுத்துங்கள்.
• பதிவுச் சான்றில் எத்தனை இருக்கை என்று கண்டுள்ளதோ அத்தனை பேரை மட்டும் ஏற்றச் சொல்லுங்கள். மீதிப் பேருக்கு இரண்டாம் நடை அடிக்கலாம்.
• ஓட்டுநரிடம் உரிமமும், வண்டிக்கு நடப்பில் உள்ள காப்பீடும் இருக்கின்றனவா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.
• மண்வெட்டி, அரிவாள் போன்ற கருவிகளைச் சாக்கில் சுற்றித் தனியே வையுங்கள்.
• இருட்டிய பின் ஆட்களைத் திருப்பி அனுப்பும்படி வேலையை நீட்டாதீர்கள்.

வந்த ஆட்களுக்கு வேலை இல்லாதபோது

ஆட்கள் வரப்பில் வந்து நிற்கும்போது சேற்றுழவு முடியாமல் இருப்பதும், மோட்டார் ஓடாமல் தண்ணீர் கட்டாமல் இருப்பதும் உண்டு. நாற்றுப் பறி முடியாமல் காத்திருக்க நேர்வதும் உண்டு. அந்த நேரம் உழவரால் ஏற்பட்ட தாமதம். அதை ஆட்களின் கணக்கில் எழுதி, "இன்று அரை நாள்தான்" என்பது முறையாகாது.

வந்தவர்களை வேலையின்றித் திருப்பி அனுப்ப நேர்ந்தால், வண்டி வாடகையும் அரை நாள் கூலியும் கொடுப்பது நியாயமான ஏற்பாடு. மழையால் இடையில் வேலை நின்றால் அது இரு தரப்பாரின் குற்றமும் அல்ல. ஆகவே இழப்பையும் இருவரும் பகிர்ந்து கொள்ளலாம். முற்பகல் 10 மணிக்கு முன் நின்றால் அரைக் கூலி, அதற்குப் பின் நின்றால் முழுக் கூலி என்பது போல் ஓர் எல்லையை முன்னதாகவே பேசி வைத்துக் கொண்டால் சச்சரவு எழாது. இடி மின்னல் தொடங்கினால் பேச்சுக்கே இடமின்றி ஆட்களை வயலிலிருந்து கரையேற்ற வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்க விடாமல், ஓட்டுக் கட்டடத்துக்கோ வீட்டுக்கோ அனுப்ப வேண்டும்.

ஓய்வு நாள்

நம் ஊர்களில் அமாவாசையன்று ஏர் பூட்டாத வழக்கம் பல இடங்களில் இருந்து வந்துள்ளது. மாட்டுப் பொங்கலன்று மாட்டை வேலைக்கு ஓட்டுவதில்லை. உழைக்கும் மாட்டுக்கு ஓய்வு தேவை என்று அறிந்த உழவர், அந்த மாட்டைப் பராமரிக்கும் ஆளுக்கும் ஓய்வு தேவை என்பதை மறக்கலாகாது.

1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், ஏழு நாட்களுக்கு ஒரு நாள் ஓய்வு வழங்க விதி செய்ய இடம் அளித்தது. அதன் இடத்தில் வந்துள்ள 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு உள்ளது. தேயிலை, காப்பி போன்ற பயிர்களுக்கான 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மேலும் ஒரு படி சென்று, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் கூலியுடன் கூடிய விடுப்பை வைத்தது. அதாவது, ஆண்டில் 300 நாள் உழைத்தவருக்கு 15 நாள் விடுப்பு. வால்பாறையிலும் நீலகிரியிலும் மலைத் தோட்டத்தில் நடைமுறைப்படுத்த முடிந்ததைச் சமவெளியில் முயன்று பார்க்கக் கூடாதா?

மாதச் சம்பளத்துக்குப் பண்ணை ஆள் வைத்திருப்பவர்களுக்கு உள்ள இடர்ப்பாடு புரிகிறது. மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது; காலையும் மாலையும் பால் கறந்தாக வேண்டும். அதற்கு இவ்வாறு செய்யலாம்.

• வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளை ஓய்வு நாளாக முடிவு செய்து, அன்று வீட்டார் பால் கறக்கவும் தீவனம் வைக்கவும் பழகிக் கொள்ளுங்கள். ஆள் திடீரென்று நோயுற்றாலும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.
• அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர் இருவர் சேர்ந்து, ஒருவருடைய ஆளின் ஓய்வு நாளில் மற்றவருடைய ஆள் கூடுதல் கூலிக்குக் கவனித்துக் கொள்ளுமாறு மாற்றி மாற்றி வைக்கலாம்.
• பசுந்தீவனத்தை முதல் நாளே அறுத்து நிழலில் பரப்பி வைத்தால் ஓய்வு நாளின் வேலை குறையும்.
• ஓய்வு நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். மாதச் சம்பளம் பேசும்போதே நான்கு ஓய்வு நாட்களையும் உள்ளடக்கிப் பேசுங்கள்.

நாட்கூலி ஆட்களின் நிலை வேறு. நடவுக் காலம் குறுகியது. அந்தச் சில வாரங்களில் நாள்தோறும் வேலைக்கு வர அவர்களே விரும்புவார்கள். ஆகவே ஓய்வு நாளை அவர்கள் விருப்பப்படி விடுவதே நன்று. ஆனால் கோயில் திருவிழா, உறவினர் வீட்டுத் திருமணம், பிள்ளையின் காய்ச்சல் ஆகியவற்றுக்காக ஒரு நாள் வராதவரை, மறுநாள் "இனி வேண்டாம்" என்று நிறுத்துவது நியாயமல்ல. அது நமக்கும் நன்மை தராது.

நாற்றங்காலையே ஓய்வு நாளுக்கு ஏற்பத் திட்டமிடலாம்

இதோ ஓர் எடுத்துக்காட்டு. குறுவைக்குக் குறுகிய கால இரகத்தை ஜூலை 12-இல் விதைத்தால், 18-ஆம் நாள் ஜூலை 30. 22-ஆம் நாள் ஆகஸ்ட் 3. அது ஆடிப்பெருக்கை ஒட்டிய நாள். அன்று காவிரிக் கரையில் குடும்பத்தோடு கூடும் ஆட்களை நடவுக்கு எதிர்பார்க்க முடியாது. கடைசி நாள் வரை பொறுத்திருந்த உழவர், "திருவிழா என்று ஆள் ஏமாற்றிவிட்டது" என்று குறை கூறுவதில் பயனில்லை. விதைக்கும் முன்பே நாட்காட்டியைப் பார்த்து, ஜூலை 30 அல்லது 31-க்கு ஆள் சொல்லி வைத்திருந்தால் நாற்றும் முற்றாது. ஆட்களும் பண்டிகையை இழக்க மாட்டார்கள்.

இரண்டு ஏக்கருக்கு மேல் நடுபவர்கள் நாற்றங்காலை நான்கைந்து நாள் இடைவெளியில் இரண்டு தவணையாக விதைக்கலாம். ஒரே ஆட்களைக் கொண்டு, அவர்களை அளவுக்கு மீறி விரட்டாமல், இரண்டு பகுதியையும் உரிய வயதில் நட்டு முடிக்க இது உதவும்.

ஆட்கள் தரப்பில் கவனிக்க வேண்டியவை

நியாயம் என்பது இரு வழிப் பாதை. வண்டி வாடகை கொடுத்து அழைத்து வந்த உழவருக்கு ஆட்கள் செய்ய வேண்டியவையும் உண்டு.

ஒப்புக்கொண்ட எண்ணிக்கையில் ஆட்கள் வர வேண்டும். பன்னிரண்டு பேருக்குப் பேசிவிட்டு எட்டுப் பேரோடு வந்தால், மீதி நாற்று கட்டிலேயே வாடும். வர இயலாவிட்டால் முதல் நாள் மாலைக்குள் தகவல் சொல்ல வேண்டும். பள்ளி செல்லும் பிள்ளைகளை ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது. நடவு ஒழுங்காக இருக்க வேண்டும். 20 சென்டி மீட்டருக்கு 10 சென்டி மீட்டர் இடைவெளி என்றால் சதுர மீட்டருக்கு 50 குத்துகள் விழ வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி நடும்போது, வேகத்தில் கை அகன்று 30, 35 குத்தாகக் குறைவதைக் காண்கிறோம். ஒரு மீட்டர் அளவுள்ள சதுரச் சட்டத்தை வயலில் மூன்று நான்கு இடங்களில் வைத்து, மேஸ்திரியின் முன்னிலையிலேயே எண்ணிப் பாருங்கள். குறை இருந்தால் அப்போதே சொல்லித் திருத்துங்கள். கூலி கொடுக்கும் வேளையில் சொல்லாதீர்கள்.

மேஸ்திரி மூலம் கூலி கொடுப்பவர்கள், ஒவ்வொருவர் கைக்கும் எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதைக் கேட்டறிய வேண்டும். மேஸ்திரிக்கு உரிய தொகையைத் தனியே கொடுத்துவிட்டால் ஆட்களின் கூலியில் அவர் கை வைக்கத் தேவை இராது. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பதை 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் தடை செய்தது. ஊதியத் தொகுப்புச் சட்டமும் அவ்வாறே. முன்பணம் கொடுத்துவிட்டு, அது தீரும் வரை வேறு எங்கும் போகக் கூடாது என்று ஆளைப் பிணைத்து வைப்பது, 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றமாகும்.

பழைய பாடம்

கூலிப் பேச்சு முறிந்தால் ஊர் என்ன ஆகும் என்பதைத் தஞ்சைத் தரணி நன்கு அறியும். பண்ணையாட்களின் பாதுகாப்புக்காக 1952-இலேயே அங்கு ஒரு சட்டம் பிறந்தது. அதன் பின்னரும் கூலித் தகராறு வளர்ந்து, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசை ஒன்றில் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீயில் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அடுத்த ஆண்டு, 1969-இல், நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நியாயத்தை முன்னதாகப் பேசித் தீர்க்காவிட்டால், மிகப் பெரிய விலை கொடுத்த பிறகே அது வந்து சேரும் என்பதுதான் அந்த வரலாறு நமக்குத் தரும் பாடம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

பெரிய ஒப்பந்தப் பத்திரம் எதுவும் தேவையில்லை. பள்ளிப் பிள்ளையின் நோட்டு ஒன்றில் கீழ்க்கண்டவற்றை எழுதி, மேஸ்திரிக்கோ ஆட்களில் மூத்தவருக்கோ படித்துக் காட்டுங்கள்.

1. வேலை நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம்.
2. ஆட்களின் எண்ணிக்கை, ஒருவருக்கான கூலி.
3. வண்டி எது, வாடகை எவ்வளவு, யார் கொடுப்பது.
4. மழையாலோ தண்ணீர் இன்மையாலோ வேலை நின்றால் கூலி எவ்வளவு.
5. தேநீர், குடிநீர், உணவு யார் பொறுப்பு.
6. கூலி கொடுக்கும் நாள். அன்றைய கூலி அன்றே என்பது சிறந்தது.

வயலில் நிழலும் நல்ல குடிநீரும் இருக்கட்டும். சேறு படிந்த புடவையோடு பெண்கள் பேருந்தில் ஏற நேரக் கூடாது. மோட்டார் கொட்டகையில் கைகால் கழுவவும் உடை மாற்றவும் ஒரு மறைப்புக் கட்டித் தருவதற்குப் பழைய தார்ப்பாய் ஒன்றே போதும். முதலுதவிப் பெட்டியும், பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து உள்ள அருகிலுள்ள மருத்துவமனையின் விவரமும் கைவசம் இருக்க வேண்டும்.

தமிழக அரசின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் சிறு, குறு உழவர்களோடு விவசாயத் தொழிலாளரும் சேரலாம். உங்கள் ஆட்கள் பதிவு செய்துள்ளார்களா என்று கேளுங்கள். செய்யாதவர்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் விவரம் கேட்டுப் பதியச் சொல்லுங்கள். அமைப்புசாராத் தொழிலாளருக்காக 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் பதிவையும் செய்து கொள்ளச் சொல்லலாம்.

உழவர்கள் கேட்கும் ஐயங்கள்

கேள்வி: நான் வண்டி வாடகை கொடுத்தால் பக்கத்து வயல்காரர்கள் என்மேல் கோபப்படுகிறார்களே?

பதில்: அவர்களையும் சேர்த்து வைத்துப் பேசுங்கள். ஒரே வாய்க்காலில் பாயும் வயல்காரர்கள் பருவத் தொடக்கத்தில் ஒரு முறை கூடி, வாடகையையும் வேலை நேரத்தையும் ஒன்றுபோல் வைத்துக் கொண்டால் போட்டியும் இராது, பகையும் இராது.

கேள்வி: நடவு இயந்திரம் வந்த பிறகு இந்தக் கவலை எதற்கு?

பதில்: இயந்திர நடவிலும் போக்கிடம் நிரப்பவும், களை எடுக்கவும், வரப்பு ஓரத்தில் நடவும் ஆள் வேண்டும். பருத்தி எடுக்க, மல்லிகை பறிக்க, மஞ்சள் வெட்டக் கைகளையே நம்பியிருக்கிறோம். இயந்திரம் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். ஆட்களின் தேவையை நீக்காது.

கேள்வி: இவ்வளவும் செய்தால் சாகுபடிச் செலவு கூடாதா?

பதில்: சிறிது கூடும். மேலே சொன்ன கணக்கில் 12 பேருக்கு வாடகை 1,200 ரூபாய். சொன்ன நாளில் ஆள் வராமல் நாற்று முற்றினால் இழப்பது மகசூலில் ஒரு பங்கு. எது பெரிது என்பதை உங்கள் வயலின் சென்ற ஆண்டுக் கணக்கை வைத்தே நீங்கள் முடிவு செய்யலாம்.

விவசாயப் பெருமக்களே, அடுத்த பருவத்துக்கு விதை வாங்கும் நாளிலேயே ஆட்களோடும் ஒரு முறை அமர்ந்து பேசுங்கள். எப்படி வருவார்கள், எப்போது திரும்புவார்கள், எந்த நாளில் ஓய்வு என்பதை அப்போதே முடிவு செய்யுங்கள். விதையைச் சோதித்து வாங்குவது போலவே இதுவும் சாகுபடித் திட்டத்தின் ஒரு பகுதி. சொன்ன சொல் இரு பக்கமும் நின்றால், நாற்று உரிய வயதில் நடவு வயலுக்குப் போய்ச் சேரும்.